ரகசிய எண் யாருக்குச் சொந்தம்?



வங்கிக்குச் சென்று பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு, காசாளர் எண்ணைச் சொல்லி அழைக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வரிசை இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. கால்வலி குறைந்தது உண்மை. ஆனால் தலைவலி கூடிவிட்டது என்பதே பலரது புகார். ஓடிபி வரவில்லை, பாஸ்வேர்டு தவறு என்கிறது, மூன்று முறை தவறாகப் போட்டதால் கணக்கு பூட்டிக்கொண்டது, புதிய செல்போன் வாங்கியதும் ஆப் திறக்க மறுக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறை இருக்கிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆஸ்டின் டவுனில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தார் சிலர் செல்போனும் பாஸ்புக்குமாக வருவது வழக்கமாகிவிட்டது. விவேக்நகர், நீலசந்திரா பக்கத்திலிருந்தும் சிலர் வருவதுண்டு. அவர்கள் கொண்டுவரும் சிக்கல்களைப் பல மாதங்களாகக் கவனித்ததில் ஒன்று தெளிவாயிற்று. பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் இயந்திரக் கோளாறு அன்று. வங்கியின் விதிகள் ஓர் ஆள், ஒரு கணக்கு, ஒரு செல்போன், ஓர் எண் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. நம் குடும்பங்களோ அப்படி வாழ்வதில்லை. அப்பாவின் கணக்கை மகன் பார்ப்பான், அம்மாவின் ஏடிஎம் அட்டை மருமகளிடம் இருக்கும், ஊரில் உள்ள பாட்டியின் ஓய்வூதியக் கணக்குக்கு பெங்களூரில் உள்ள பேரனின் செல்போன் எண் கொடுத்திருக்கும்.

இந்த இரண்டும் மோதும்போது நஷ்டம் யாருக்கு? இதை விளக்கவே இக்கட்டுரை.

ஏன் இத்தனை பூட்டுகள்?

முன்பு கவுன்ட்டரில் இருந்த ஊழியருக்கு நம் முகம் தெரியும். கையெழுத்தில் ஐயம் வந்தால் அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். செல்போனுக்கு அப்பால் இருக்கும் கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. ஆகவே அது மூன்று வகையான அடையாளங்களில் குறைந்தது இரண்டைக் கேட்கிறது. ஒன்று, நமக்கு மட்டும் தெரிந்த ஒன்று: பின் எண், பாஸ்வேர்டு போன்றவை. இரண்டு, நம் கையில் மட்டும் இருக்கும் ஒன்று: அட்டை, சிம், பதிவு செய்த செல்போன். மூன்று, நம் உடலோடு உள்ளது: கைரேகை, முகம்.

ஒரே பூட்டை ஒருவன் திறந்துவிட்டாலும் இரண்டாவது பூட்டு காக்கும் என்பதே இதன் அடிப்படை. இணையவழியில் அட்டை மூலம் பணம் கட்டும்போது அட்டையில் அச்சிட்ட விவரங்களைத் தவிர இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. ஓடிபி நம் வாழ்க்கையில் நுழைந்த வழி இதுதான். 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும், இணையவழிப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கேட்டுத் திறக்க வேண்டும் என்ற விதி வந்தது. புதிய அட்டையில் ரயில் டிக்கெட் எடுக்க முடியவில்லை என்று வருபவர்கள் பலருக்கு இதுதான் காரணம். அட்டை பழுது என்று நினைத்து மாற்றக் கொடுத்துவிடுகிறார்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய விதித் தொகுப்பை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என அறிவித்தது. இரண்டு சரிபார்ப்பு என்ற கட்டாயம் அதிலும் உண்டு. எஸ்எம்எஸ் வழி ஓடிபியை மட்டும் நம்பியிராமல் வேறு முறைகளையும் வங்கிகள் பயன்படுத்த அது வழி செய்தது. விதிகளைப் பின்பற்றாததால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் வங்கியே ஈடுசெய்ய வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது.

ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் ஒரு திருட்டு இருக்கிறது. உதாரணத்துக்கு, பிறர் பெயரில் போலி அடையாளம் காட்டி அவர்கள் எண்ணுக்குப் புதிய சிம் வாங்கிவிடும் கும்பல்கள் இருந்தன. சிம் அவர்கள் கைக்குப் போனதும் ஓடிபியும் அவர்களுக்கே போகும். இதைத் தடுக்கவே, சிம் மாற்றியபின் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் சேவையை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை 2022ல் உத்தரவிட்டது. புதிய சிம் போட்டதும் ஓடிபி வரவில்லை என்று எரிச்சல் அடைவோர், அந்த ஒரு நாள் உண்மையான சொந்தக்காரர் விழித்துக்கொள்ளத் தரப்பட்ட அவகாசம் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அதேபோல் யுபிஐ ஆப்பைப் புதிய செல்போனில் போட்டால் முதல் 24 மணி நேரத்துக்கு ரூ. 5,000 என்ற அளவில் கட்டுப்பாடு இருக்கும். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளில் புதுப் போன் வாங்கினால் சங்கடம்தான். ஆகவே போன் மாற்றுவதை, பணம் கட்டும் தேதிகளுக்கு இரண்டு நாள் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு வழக்குகள்

விதியின் நோக்கம் புரிந்தாலும் அதன் கடுமை எங்கே வரை போகும் என்பதை அறிய இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். முதலாவது நம் பெங்களூரில் நடந்தது.

2013 நவம்பரில் மாரத்தஹள்ளியைச் சேர்ந்த ஒரு பெண்மணி, பிள்ளை பெற்று விடுப்பில் இருந்த சமயம், தம் ஸ்டேட் வங்கி ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் கணவரிடம் கொடுத்து ரூ. 25,000 எடுத்து வரச் சொன்னார். இயந்திரத்தில் சீட்டு வந்தது, பணம் வரவில்லை. கணக்கில் மட்டும் தொகை கழிந்துவிட்டது. அவர்கள் முறையிட்டார்கள். கேமராப் பதிவையும் கேட்டுப் பெற்றார்கள். அதில் கணவர் இயந்திரத்தின் முன் நிற்பதும் பணம் வெளியே வராததும் தெரிந்ததாகச் சொன்னார்கள். வங்கியின் விசாரணைக் குழுவோ, அட்டைக்கு உரியவர் அந்தப் படத்தில் இல்லை என்றது. பின் எண்ணைப் பிறரிடம் சொன்னது விதி மீறல், ஆகவே கோரிக்கை ஏற்கப்படாது என்று வங்கி முடித்துவிட்டது.

வழக்கு பெங்களூர் நுகர்வோர் மன்றத்தில் பல ஆண்டுகள் நடந்து, 2018 மே மாதம் தீர்ப்பு வந்தது. பின் எண் பிறருக்கு மாற்றித் தரத்தக்கதன்று, கணவரை அனுப்ப வேண்டியிருந்தால் தம் பெயருக்கே எழுதிய காசோலையோ அதிகாரக் கடிதமோ கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி மன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த தாய்க்கு ரூ. 25,000 போனதுதான் மிச்சம்.

இரண்டாவது வழக்கு தூத்துக்குடியைச் சேர்ந்தது. அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்குத் தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கியில் கணக்கு இருந்தது. 2007ல் வங்கியிலிருந்து வந்ததுபோலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. கேட்ட விவரங்களைக் கொடுத்தார். கணக்கிலிருந்து சுமார் ரூ. 6.46 லட்சம், அதே வங்கியில் மும்பையில் இருந்த வேறொரு கணக்குக்குப் போய்விட்டது. ரகசியத்தைச் சொன்னது உங்கள் தவறு என்று வங்கி வாதாடியது. அவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் முறையிட்டார். அந்தச் சட்டப்படி இத்தகைய வழக்குகளில் தீர்ப்பு சொல்லும் அதிகாரி அவரே. 2010 ஏப்ரலில் அவர், வங்கி தன் பக்கம் எடுக்க வேண்டிய பாதுகாப்பை எடுக்கவில்லை என்று கூறி, சுமார் ரூ. 12.85 லட்சம் கொடுக்க உத்தரவிட்டார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2019ல் வங்கியின் வாதத்தை ஏற்கவில்லை.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டிய கணவரிடம் எண்ணைச் சொன்னவர் தோற்றார். முகம் தெரியாத கள்வனிடம் ஏமாந்தவர் வென்றார். கேட்பவர்களுக்கு இது என்ன நியாயம் என்றே தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி வேறு. தூத்துக்குடிக்காரர் வழக்கில், வங்கி தன் கடமையைச் செய்ததா என்று பார்த்தார்கள். பெங்களூர் வழக்கில், வாடிக்கையாளர் தன் ஒப்பந்தத்தைக் காத்தாரா என்று மட்டுமே பார்த்தார்கள். கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் கையெழுத்திடும் படிவத்தில், ரகசிய எண்ணை எவரிடமும் சொல்வதில்லை என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். ‘எவரிடமும்’ என்ற சொல்லில் மனைவியும் மகனும் அடக்கம். குடும்ப நம்பிக்கை வேறு, சாட்சியம் வேறு. நாளை ஒரு பிணக்கு வந்தால், எண்ணை வீட்டாரிடம் சொல்லியிருந்தீர்கள் என்ற ஒரே காரணம் வங்கிக்குப் போதும். இயந்திரம் பழுதா இல்லையா என்ற கேள்விக்கே போகமாட்டார்கள்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், அந்தத் தொகையை 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வரவு வைக்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 கொடுக்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. அட்டைக்கு உரியவரே போயிருந்தால் இதைக் கேட்டுப் பெறுவதில் சிரமம் இராது.

வீட்டில் பலர், எண் ஒன்று: என்ன செய்யலாம்?

சொல்லாமல் எப்படி சார் முடியும், எனக்குப் படிக்கத் தெரியாதே என்று ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விதியை மீறாமலே வீட்டார் உதவி செய்வதற்கு வங்கிகளிலேயே வழிகள் இருக்கின்றன. யாரும் சொல்வதில்லை என்பதே குறை.

கணவன் மனைவி இருவரும் ஒரு கணக்கைப் பயன்படுத்துவதானால் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். ‘இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் வைத்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே கையாளலாம். தனி அட்டையும் கேட்டு வாங்கலாம். ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தாலும் மற்றவர் தொடர்ந்து பயன்படுத்த முடியும். கணவர் இறந்தபின் அவருடைய ஏடிஎம் அட்டையில் பணம் எடுத்துச் செலவு செய்வதை நம் மக்கள் தவறாக எண்ணுவதில்லை. ஆனால் கணக்கு வைத்திருந்தவர் மறைந்ததுமே அந்த அட்டையைப் பயன்படுத்தும் உரிமை முடிந்துவிடுகிறது. மற்ற வாரிசுகள் கேள்வி எழுப்பினால் துக்க வீட்டில் வழக்கும் சேர்ந்துகொள்ளும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களைக் குறிப்பிடலாம். நியமனம் செய்யாதவர்கள் உடனே செய்துவிடுங்கள்.

வயதானவர்கள் கையெழுத்திட முடியாத நிலையில் இருந்தால் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கி அறிந்த இரண்டு சுயேச்சையான சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதுக்கு மேற்பட்டோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைச் செய்ய ஏற்பாடு வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கூறியது. கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

மளிகைக்கும் மருந்துக்கும் பிள்ளைகளை அனுப்பும்போது நம் யுபிஐ பின் எண்ணைச் சொல்லி அனுப்புவது பலர் வழக்கம். இதற்கென்றே 2024 ஆகஸ்டில் ‘யுபிஐ சர்க்கிள்’ என்ற ஏற்பாடு வந்தது. நம் கணக்கிலிருந்து செலுத்தும் உரிமையை வீட்டார் ஐந்து பேர் வரை கொடுக்கலாம். முழு அனுமதி கொடுத்தால் அவர்கள் தம் போனிலிருந்தே, ஒரு தடவைக்கு ரூ. 5,000, மாதம் ரூ. 15,000 என்ற வரம்புக்குள் செலுத்தலாம். பாதி அனுமதி கொடுத்தால் ஒவ்வொரு முறையும் நம் போனுக்குக் கேள்வி வரும், நாம் ஒப்புக்கொண்டால்தான் பணம் போகும். நம் பின் எண் நம்மிடமே இருக்கும். கணக்கில் யார் செலவு செய்தார் என்பதும் பதிவாகும்.

ஊர் எண்ணும் ஊர்க் கணக்கும்

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைத் தனியே சொல்ல வேண்டும்.

ஆம்பூரிலோ திருவண்ணாமலையிலோ கிருஷ்ணகிரியிலோ வெகுகாலம் முன் தொடங்கிய கணக்கு. அப்போது கொடுத்த செல்போன் எண். பெங்களூர் வந்தபின் வேறு எண் வாங்கிக்கொண்டு பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை விட்டுவிட்டோம். கணக்கு இருக்கிறது, நூறு நாள் வேலைக் கூலியோ நில விற்பனைப் பணமோ வந்து சேர்கிறது. எண் மட்டும் செத்துவிட்டது.

செத்த எண் அப்படியே கிடப்பதில்லை. நிறுத்தப்பட்ட எண்ணை 90 நாட்கள் வரை வேறு எவருக்கும் தரமாட்டார்கள். அதன்பின் தரலாம். ஊர் பேர் தெரியாத ஒருவர் கைக்கு நம் எண் போகும். நம் கணக்கின் ஓடிபியும் பண வரவுச் செய்தியும் அவருக்கே போகும். அவர் நல்லவராக இருந்தாலும், நம் கணக்கில் ஏதேனும் தவறு நடந்தால் நமக்கு எச்சரிக்கை வராது. இதனால்தான் மறுபடி வழங்கப்பட்ட எண்களைக் கண்டறிந்து வாரம் ஒருமுறையாவது தம் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகளுக்கும் யுபிஐ ஆப்புகளுக்கும் தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் விதித்தது. யுபிஐ திடீரென்று நின்றுபோனதாகச் சொல்லி வருபவர்களில் சிலருக்குக் காரணம் இந்தப் பழைய எண்தான்.

என் தாயாரின் கணக்கில் எண்ணை மாற்ற, பெங்களூர்க் கிளை ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனேன். ஊர்க் கிளைக்கே போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர்க் கிளையில் கூட்டம், சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள். எழுபத்தெட்டு வயது மூதாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு முறை பஸ் ஏறினோம். விதி அவருடைய பணத்தைக் காக்க வந்தது என்பதை அறிவேன். ஆனால் அந்த விதியை நிறைவேற்றும் பாரம் முழுவதும் அவருடைய முழங்காலில்தான் ஏறியது.

ஆகவே என் யோசனை இது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு வேலை நாளைச் சேர்த்து விடுப்பு எடுங்கள். பாஸ்புக், ஆதார், பான் அட்டை மூன்றையும் கொண்டுபோய், எண் மாற்றம், நியமனம், முகவரி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். அதுவரை பழைய எண்ணுக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜாவது செய்து உயிரோடு வைத்திருங்கள். வங்கி ஆப்பைப் புதிய போனில் திறக்கும்போது, பதிவான சிம் அதே போனுக்குள் இருக்கிறதா என்று பார்க்க அது தானாகவே ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். எஸ்எம்எஸ் வசதி இல்லாத ரீசார்ஜ் என்றால் ஆப் திறக்காது. இரண்டு சிம் உள்ள போனில் எந்த சிம் என்று கேட்டால் வங்கியில் பதிவான எண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெய்யா பொய்யா, எப்படி அறிவது?

விதிகள் கடுமையானதும் கள்வர்கள் பூட்டை உடைப்பதை விட்டுவிட்டு, சாவியை நம்மிடமே கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். ‘கேஒய்சி முடிந்துவிட்டது, இன்றிரவு கணக்கு முடங்கும்’ என்று வரும் செய்தி இதற்கு நல்ல உதாரணம். இதை நம்பி விவரம் கொடுக்கும் முன் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். கேஒய்சி புதுப்பிக்க வேண்டுமானால் வங்கி முன்கூட்டியே குறைந்தது மூன்று முறை அறிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபால் கடிதமாக இருக்க வேண்டும் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. விவரங்களில் மாற்றம் இல்லையென்றால் ஓர் உறுதிமொழி கொடுத்தாலே போதும். 2023 ஜனவரி முதலே இந்தச் சலுகை உண்டு. ஒரே இரவில் முடக்குவதாக மிரட்டும் செய்தி எதுவும் வங்கியிலிருந்து வந்ததாக இராது.

வங்கிகள் சேவைக்காக அழைக்கும் எண்கள் 1600 என்று தொடங்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொல்லப்பட்டது. வங்கிகளின் இணைய முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. வேறு விதமாக முடியும் முகவரியில் பாஸ்வேர்டு போடாதீர்கள். யுபிஐ பின் எண் நம் பணத்தை அனுப்புவதற்கு மட்டுமே. பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பரிசு விழுந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள் என்று எவர் சொன்னாலும் அது திருட்டு.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளிடம், உன் கணக்கை ஒரு மாதம் கொடு, கமிஷன் தருகிறோம் என்று ஆசை காட்டுகிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீசார் முதலில் வந்து தட்டுவது கணக்குக்கு உரியவர் வீட்டுக் கதவைத்தான்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை, 1930 என்ற எண்ணுக்கு அழைப்பது. இது மத்திய உள்துறையின் சைபர் குற்ற உதவி எண். பணம் கள்வனின் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தகவல் சேர்ந்தால் தடுத்து நிறுத்த முடியும். உறவினருக்குச் சொல்லி, அழுது, ஆலோசனை கேட்டு ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது வேலை, வங்கிக்குச் சொல்லி புகார் எண் வாங்குவது. 2017 ஜூலை 6ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை நமக்குப் பெரிய துணை. வங்கியின் குறையால் பணம் போயிருந்தால் நமக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் நாமும் காரணமல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடி என்றால், வங்கியின் செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கும் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் ரூ. 10,000 வரை, அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் ரூ. 5,000 வரை நம் தலையில் விழும் என்று அது வகுத்தது. நாமே ரகசியத்தைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட நஷ்டம் நம்முடையது. தெரிவித்தபின் ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமை வங்கிக்கே என்பவையும் அச்சுற்றறிக்கையில் உள்ளவை. இத்தகைய வரம்புகளை ரிசர்வ் வங்கி அவ்வப்போது திருத்துவதுண்டு. கிளையில் அன்றைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் நிறைவு தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. தூத்துக்குடிக்காரர் சென்ற வழியும் திறந்தே இருக்கிறது. கர்நாடகத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு அந்த அதிகாரம் உண்டு. எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். எஸ்எம்எஸ்களை அழிக்காதீர்கள், புகார் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

வங்கிகளுக்கு ஒரு வார்த்தை

விதிகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவற்றை எழுதியவர்கள் திருடனை மனத்தில் வைத்து எழுதினார்கள். நம் வீட்டுப் பாட்டியை மனத்தில் வைத்துச் சற்று யோசித்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். எச்சரிக்கைச் செய்தி ஆங்கிலத்தில் வந்தால், படிக்கத் தெரியாதவருக்கு அது எச்சரிக்கை ஆகாது. கணக்குத் தொடங்கும்போதே எந்த மொழியில் செய்தி வேண்டும் என்று கேட்கலாம். கூட்டுக் கணக்கு, அதிகாரக் கடிதம், யுபிஐ சர்க்கிள் போன்ற வழிகளைப் பலகையில் எழுதி வைக்கலாம். எந்தக் கிளையிலும் எண் மாற்றிக்கொள்ள ஒரு தாராள மனம் காட்டலாம். அவ்வாறு செய்தால் ரகசிய எண்ணை வீட்டில் பகிர்ந்துகொள்ளும் தேவையே பாதி குறைந்துவிடும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. வரும் ஞாயிறன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். யார் கணக்குக்கு யார் எண் கொடுத்திருக்கிறது? யார் அட்டையின் பின் எண் யாருக்குத் தெரியும்? நாளை அவருக்கு உடல்நலமில்லை என்றால் பணம் எடுக்கச் சட்டப்படியான வழி என்ன? பதில் இல்லாத இடத்தில் திங்கட்கிழமையே கிளைக்குப் போய் ஒரு படிவம் வாங்குங்கள். நிரப்பத் தெரியாவிட்டால் கூச்சப்படாமல் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், நிரப்பித் தருகிறோம். பின் எண்ணை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம்.